செங்கோட்டைக் கணவாயின் இரு பக்கமும் ஷாம்பு விற்க: புது பிராண்டுக்கான முழுமையான வழிகாட்டி

ஷாம்பு, சோப்பு என்று புது பிராண்ட் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் பெயர், லோகோ, விளம்பரம், சரக்கு, கடைசியாகக் கடை என்ற வரிசையில் போகிறார்கள். கையிருப்பு முதல் மூன்றிலேயே கரைந்துவிடும். கடைக்காரர் முன்னால் போய் நிற்கும்போது அவருக்குக் கொடுக்க மார்ஜினும் இருக்காது, காத்திருக்கப் பணமும் இருக்காது. அதனால் இங்கே கடையில் தொடங்கிப் பின்னோக்கி வருகிறோம்.

இதை எழுதுவது தமிழ்நாட்டின் தென்காசி, செங்கோட்டை, புளியரை ஒரு பக்கமும், கேரளத்தின் ஆரியங்காவு, தென்மலை, இடமண், புனலூர் மறுபக்கமுமாக விற்க நினைப்பவர்களுக்கு. செங்கோட்டைக்கும் புனலூருக்கும் இடையே சுமார் 50 கிலோமீட்டர்தான். அதற்குள் மாநிலம் மாறுகிறது, தண்ணீர் மாறுகிறது, தலைக்குளியலும் மாறுகிறது. வாளையாறிலோ குமுளியிலோ களியக்காவிளையிலோ இருப்பவர்களுக்கும் வரிசை இதேதான், ஊர்ப் பெயர்களை மாற்றிக்கொண்டால் போதும்.

1. விலையைக் கடையிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள்

பாக்கெட் ஷாம்புக்கு விலை 1, 2, 3 என்று முழு ரூபாயில்தான் வைக்க முடியும். சில்லறை கொடுக்க எந்தக் கடையிலும் ஆளில்லை. ஆக எம்.ஆர்.பி. உங்கள் கையில் இல்லை. அதிலிருந்து ஒவ்வொருவர் பங்கையும் கழித்துக்கொண்டே வந்தால் கடைசியில் மிஞ்சுவதுதான் உங்களுடையது.

6 மி.லி. பாக்கெட், விலை 2 ரூபாய், ஒரு சரத்தில் 16 பாக்கெட் என்று வைத்துக்கொள்வோம். சரத்தின் எம்.ஆர்.பி. 32 ரூபாய். பெயர் தெரியாத சரக்குக்குக் கடைக்காரர் வாங்கும் விலையின் மேல் 20 சதவீதம் கேட்டால், அவருக்கு 26.67 ரூபாய்க்குத் தர வேண்டும். ஏஜென்சிக்காரருக்கு 8 சதவீதம் என்றால் அவருக்கு 24.69. அதில் 5 சதவீத ஜி.எஸ்.டி.யை எடுத்துவிட்டால் 23.52. 12 சரத்துக்கு 1 சரம் இலவசம் என்று ஸ்கீம் போட்டால் 21.71. அதாவது பாக்கெட்டுக்கு 1 ரூபாய் 36 காசு. ஷாம்பு, பாக்கெட் செய்யும் பிளாஸ்டிக் பிலிம், நிரப்பும் கூலி, அட்டைப்பெட்டி, லாரி வாடகை, சேல்ஸ்மேன் சம்பளம், டேமேஜ் எல்லாம் இந்த 1.36க்குள் அடங்கியாக வேண்டும். அடங்கவில்லை என்றால் அளவையோ ஸ்கீமையோ இப்போதே மாற்றுங்கள். கடைக்குப் போனபின் மாற்றினால் பேர் கெட்டுவிடும்.

இங்கே மூன்று தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன.

முதலாவது, 20 சதவீதம் எதன் மேல் என்று பேசாமல் விடுவது. வாங்கும் விலையின் மேல் என்றால் கடைக்காரருக்குச் சரத்துக்கு 5.33 ரூபாய். எம்.ஆர்.பி. மேல் என்றால் 6.40. ஒரு சரத்தில் 1.07 ரூபாய் வித்தியாசம், அது நேராக உங்கள் பங்கிலிருந்து போகும். பேசும்போதே பில்லில் விலையை எழுதிக் காட்டிவிடுங்கள்.

இரண்டாவது, பழைய வரிக் கணக்கு. ஷாம்பு, தலைக்கு எண்ணெய், பற்பசை, குளியல் சோப்புக் கட்டி ஆகியவற்றுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 18இலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. ஆனால் நீங்கள் வாங்கும் நுரைப்பான், பிலிம், பாட்டிலுக்கு இன்னும் 18 கட்டுகிறீர்கள். விற்பனையில் வசூலாகும் வரி குறைவு, வாங்கும்போது கட்டிய வரி அதிகம். உள்ளீட்டு வரி வரவாகவே குவிந்து நிற்கும். மூலப்பொருளுக்குக் கட்டியதைத் திரும்பக் கேட்க சட்டத்தில் வழி உண்டு, ஆனால் பணம் கைக்கு வரும்வரை அது முடங்கிய முதல்தான். ஆடிட்டரிடம் முதல் மாதமே இதைப் பேசி வையுங்கள்.

மூன்றாவது, பெரிய கம்பெனி தரும் மார்ஜினைப் பார்த்து நாமும் அதையே தரலாம் என்று நினைப்பது. அவர்கள் சரக்கை ஜனங்கள் பெயர் சொல்லிக் கேட்டு வாங்குகிறார்கள். உங்கள் சரக்கைக் கடைக்காரர்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும். அந்த வேலைக்கான கூலி அது.

பாட்டிலும் போடுவதாக இருந்தால் ஒரு கணக்கைச் சரிபாருங்கள். 6 மி.லி. 2 ரூபாய் என்றால் மி.லி.க்கு 33 காசு. 100 மி.லி. பாட்டில் 60 ரூபாய் என்றால் மி.லி.க்கு 60 காசு. பாட்டிலில் ஒரு மி.லி. என்ன விலை என்று அச்சிட வேண்டும் என்பது எடையளவுச் சட்ட விதி. கணக்குப் பார்க்கிற குடும்பம் பாட்டிலை வைத்துவிட்டுச் சரமாக வாங்கிப்போகும். பாட்டிலில் வேறு மணமோ கண்டிஷனரோ சேர்த்துத் தனிச் சரக்காகவே காட்டுவது நல்லது.

2. காகித வேலையை வரிசையாக முடியுங்கள்

முதலில் பெயர். வணிகக்குறிப் பதிவில் ஷாம்பு, சோப்பு எல்லாம் 3ஆம் வகுப்பில் வரும். தனிநபருக்கும் சிறுநிறுவனத்துக்கும் இணையவழி விண்ணப்பக் கட்டணம் வகுப்புக்கு 4,500 ரூபாய். அதே வகுப்பில் அதே போல் ஒலிக்கும் பெயர் இருக்கிறதா என்று தேடிவிட்டு லேபிள் வேலைக்குப் போங்கள். அச்சடித்தபின் ஆட்சேபம் வந்தால் பிலிமும் சேர்ந்து குப்பை.

அடுத்து உரிமம். ஷாம்பு என்பது 2020ஆம் ஆண்டு அழகுசாதன விதிகளுக்கு உட்பட்டது. வீட்டுச் சமையலறையில் கலக்கி விற்க முடியாது. தொழிற்சாலை இல்லாதவர்களுக்கு இரண்டு வழி. உரிமம் உள்ள தொழிற்சாலை தன் உரிமத்தில் செய்து கொடுக்க, லேபிளில் தயாரிப்பாளராக அவர்கள் பெயரும் விற்பனையாளராக உங்கள் பெயரும் போடலாம். அல்லது அவர்கள் இடத்தைப் பயன்படுத்தி உங்கள் பெயரிலேயே லோன் லைசென்ஸ் வாங்கலாம். முதல் வருடத்துக்கு முதல் வழியே போதும். ‘ஆயுர்வேத’ என்று போட வேண்டுமானால் அதற்கு ஆயுஷ் உரிமம் வேறு. ‘செம்பருத்தி சேர்ந்தது’ என்பதற்கும் ‘ஆயுர்வேத ஷாம்பு’ என்பதற்கும் இடையே ஒரு முழு உரிமம் இருக்கிறது.

லேபிளில் ‘முடி உதிர்வைக் குணமாக்கும்’ என்று எழுதாதீர்கள். அழகுசாதனப் பொருள் மருந்து போல் வாக்குக் கொடுக்கக் கூடாது. தவறான விளம்பரத்துக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் முறையே 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு.

பிறகு ஜி.எஸ்.டி. எல்லை ஊர்க்காரர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. தமிழ்நாட்டுக்குள் மட்டும் சரக்கு விற்றால் ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் வரை பதிவு தேவையில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் புளியரையைத் தாண்டி ஆரியங்காவுக் கடைக்கு ஒரு பெட்டி பில் போட்டாலும் அது மாநிலம் கடந்த விற்பனை, விற்றுமுதல் எவ்வளவு என்றாலும் பதிவு கட்டாயம். காம்போசிஷன் என்ற சிறு வியாபாரிகளுக்கான எளிய வரித் திட்டத்தில் இருப்பவர் மாநிலம் கடந்து சரக்கு விற்கவே முடியாது. அந்தப் பக்கம் பில், மாநிலம் கடந்த விற்பனைக்கான ஐ.ஜி.எஸ்.டி.யில் போக வேண்டும். புனலூரில் சொந்தக் குடோன் எடுத்து அங்கிருந்து விற்றால் கேரளாவுக்குத் தனிப் பதிவு எண் வாங்க வேண்டும்.

எடையளவுத் துறையில் பாக்கெட் போடுபவர் பதிவு, தொடங்கி 90 நாளுக்குள். சாஷே, அதாவது இந்தச் சிறு பாக்கெட், பல அடுக்குப் பிளாஸ்டிக் என்பதால் கழிவுப் பொறுப்புக்கான பதிவு யார் தலையில் என்பதைப் பிலிம் தருபவரிடமும் தயாரிப்பாளரிடமும் எழுத்தில் வாங்கி வையுங்கள்.

3. இரண்டு தண்ணீரிலும் சோதியுங்கள்

பாவூர்சத்திரம், ஆலங்குளம் பக்கம் பல வீடுகளில் போர்வெல் தண்ணீர், உப்பு அதிகம். கணவாய்க்கு அந்தப் பக்கம் தண்ணீர் மென்மை. அங்கே தலையில் தேங்காய் எண்ணெய் தினமும் உண்டு. ஒரே ஷாம்பு இங்கே நுரை வரவில்லை என்றும், அங்கே எண்ணெய் போகவில்லை என்றும் திரும்பி வரும்.

இரண்டு பக்கத்திலிருந்தும் ஐந்து லிட்டர் கேனில் தண்ணீர் கொண்டுவாருங்கள். சம எடையுள்ள முடிக்கற்றைகளில் 2 மி.லி. தேங்காய் எண்ணெய் தடவி அரைமணி நேரம் விட்டு, 6 மி.லி. ஷாம்பை இரண்டு பாதியாகப் போட்டு அலசுங்கள். காய்ந்தபின் வெள்ளைத் தாளில் அழுத்திப் பாருங்கள். எண்ணெய்த் தடம் நின்றால் ஒரு பாக்கெட் போதாது என்று அர்த்தம், இரண்டு பாக்கெட் வாங்க வைக்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள். அவர்கள் வேறு பிராண்டுக்குப் போவார்கள்.

அடுத்தது சூடு. உப்புச் சேர்த்துக் கெட்டியாக்கிய ஷாம்பு வெயிலில் நீர்த்துப் போகும். 45 டிகிரியில் நாலு வாரம் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கெட்டி போதவில்லை என்று மேலும் உப்புப் போட்டால் ஒரு அளவுக்குமேல் தலைகீழாக நீர்த்துவிடும், இது தொழிற்சாலைக்காரர்களுக்குத் தெரியும், உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

ஒழுகல் சோதனைக்குக் கருவி வேண்டாம். பத்து பாக்கெட்டைச் செய்தித்தாளில் பரப்பி, மேலே பலகை, பலகைமேல் பத்து கிலோ எடை, ஒரு இரவு. காலையில் தாளில் ஒரு ஈரப் பொட்டு இருந்தாலும் அந்த லாட்டை எடுக்காதீர்கள். ஒரு பாக்கெட் ஒழுகினால் சரம் முழுக்கப் பிசுபிசுத்துத் தூசி ஒட்டும். கடைக்காரர் அந்தச் சரத்தைக் கழற்றிக் கல்லாவுக்கு அடியில் போட்டுவிடுவார், உங்களிடம் சொல்லக்கூட மாட்டார்.

4. சாஷே பிலிமை அவசரப்பட்டு அச்சடிக்காதீர்கள்

பணம் அதிகம் புதைவது இங்கேதான். கிராவியர் அச்சில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சிலிண்டர். டிசைனில் ஒரு எழுத்து மாறினாலும் அந்தச் சிலிண்டர் புதிதாக வெட்ட வேண்டும். அச்சகம் குறைந்தபட்ச அளவும் கேட்கும், அது நூற்றுக்கணக்கான கிலோவில் இருக்கும்.

200 கிலோ என்றால் எவ்வளவு என்று பார்ப்போம். 5க்கு 7 செ.மீ. பாக்கெட், இரு பக்கமும் சேர்த்து 70 சதுர செ.மீ. சதுர மீட்டருக்கு 80 கிராம் எடையுள்ள பிலிம் என்றால் ஒன்றுக்கு 0.56 கிராம். 200 கிலோவில் சுமார் 3.5 லட்சம் பாக்கெட். அடுத்த படியில் சொல்லப்போகும் 60 கடையில் கடைக்கு வாரம் 2 சரம் போனால் வாரத்துக்கு 1,920 பாக்கெட். அந்த வேகத்தில் இந்தப் பிலிம் தீர மூன்றரை வருடம்!

ஆகவே முதல் லாட்டை டிஜிட்டல் அச்சில் எடுங்கள். பாக்கெட்டுக்குச் செலவு கூடும், நஷ்டமே வரலாம். ஆனாலும் வீணாகும் பிலிமைவிட மலிவு. சிலிண்டர் வெட்டும் நாள் வரும்போது எம்.ஆர்.பி.யையும் தேதியையும் சிலிண்டரில் சேர்க்காமல், நிரப்பும் எந்திரத்தில் குத்தும்படி வெற்றிடம் விடுங்கள். வரி மாறினால் விலை மாறும் என்பதை 2025 காட்டிவிட்டது.

மொழி விஷயம். சட்டப்படி தர வேண்டிய விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருக்க வேண்டும், மற்ற மொழிகள் கூடுதலாகப் போடலாம். முன்பக்கத்தில் பெயரைத் தமிழிலும் மலையாளத்திலும் சம அளவில் போடுங்கள். ஆரியங்காவு, தென்மலைத் தோட்டங்களில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய, அதனால் தமிழ் மட்டும் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். தோட்டத்துக் கடையில் ஓடலாம். புனலூர் டவுனில் அதையே ‘பாண்டிச் சரக்கு’, அதாவது தமிழ்நாட்டுச் சரக்கு, என்று ஏளனமாக ஒதுக்குவார்கள்.

5. அறுபது கடை, அதற்குமேல் வேண்டாம்

தென்காசிப் பக்கம் 35, கேரளப் பக்கம் 25. பெட்டிக்கடை, மளிகை, பேன்சி ஸ்டோர் கலந்து எடுங்கள். சூப்பர் மார்க்கெட் இப்போது வேண்டாம், அங்கே இடத்துக்கே வாடகை கேட்பார்கள்.

ஒவ்வொரு கடைக்கும் 2 சரம் மட்டும். கடைக்காரர் பத்துக் கேட்டாலும் இரண்டே கொடுங்கள். பத்துச் சரம் கொடுத்தால் ஒரு மாதத்துக்கு அந்தக் கடையிலிருந்து உங்களுக்கு எந்தச் செய்தியும் வராது. பில்லில் ‘விற்காவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்ளப்படும்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு ரொக்கம் கேளுங்கள். கடனில் போட்ட சரக்கைக் கடைக்காரர் விற்க மெனக்கெட மாட்டார், ரொக்கம் போட்ட சரக்கைக் கண்ணுக்கு நேரே தொங்கவிடுவார்.

லைன் போகும் நாளை, அதாவது கடை கடையாகச் சரக்குப் போடும் நாளை, தலைக்குளியலை வைத்து முடிவு செய்யுங்கள். தமிழ்ப் பக்கத்தில் பெண்கள் செவ்வாய், வெள்ளி, ஆண்கள் புதன், சனி என்ற எண்ணெய்க் குளியல் வழக்கம் ஊர்ப்புறத்தில் இன்னும் இருக்கிறது. வியாழனுக்குள் சரம் தொங்கினால் வாரக் கடைசியைப் பிடிக்கலாம். பீடி சுற்றும் ஊர்களில் வாரக்கூலி கிடைக்கும் நாளைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், அன்று மாலைக் கடை வேறு மாதிரி இருக்கும். மலைக்கு அந்தப் பக்கம் ரப்பர். மழைக்காலத்தில் பால்வெட்டு நின்றால் கையில் காசு ஓட்டம் குறையும், அந்த வாரங்களின் கணக்கை வைத்துச் சரக்கைக் குறை சொல்லாதீர்கள்.

6. இரண்டாவது ஆர்டரை எண்ணுங்கள்

முதல் ஆர்டர் உங்கள் பேச்சுக்குக் கிடைத்தது. சரக்குக்குக் கிடைப்பது இரண்டாவது ஆர்டர்.

வாரம் ஒருமுறை 60 கடைக்கும் போய்த் தொங்கும் பாக்கெட்டை நீங்களே எண்ணுங்கள். “அண்ணாச்சி, எப்படிப் போகுது?” என்று கேட்டால் “நல்லாத்தான் போகுது” என்பார், அது மரியாதைக்குச் சொல்வது. “அண்ணாச்சி, போன வாரம் 32 வச்சோம், இப்ப 21 நிக்குது, யாரு வாங்கிட்டுப் போனா?” என்று கேட்டுப் பாருங்கள். “ரெண்டு மூணு பொம்பளப் பிள்ளைக வந்துச்சு, அப்புறம் ஒண்ணுமே திரும்ப வரல” என்று அவர் யோசித்துச் சொல்வதில்தான் விஷயம் இருக்கிறது. புனலூர்ப் பக்கம் “சேட்டா” என்று தொடங்கி இதே கேள்வி.

நோட்டில் கடை, தேதி, வைத்தது, நிற்பது, விற்றது, தொங்கிய இடம் என ஆறு கட்டம் போதும். தொங்கிய இடத்தை விடாதீர்கள். வேறு பிராண்டுச் சரத்துக்குப் பின்னால் மறைந்து விற்காமல் போனதையும், கண்ணுக்கு நேரே தொங்கி விற்காமல் போனதையும் ஒன்றாகக் கூட்டக் கூடாது.

நாலு வாரம் முடிந்ததும், ஸ்கீம் எதுவும் சொல்லாமல் தானாகக் கேட்டு வாங்கிய கடைகளை எண்ணுங்கள். 30க்கு மேல் என்றால் விரிக்கலாம். 20க்குக் கீழ் என்றால் சரக்கிலோ விலையிலோ குறை இருக்கிறது, விளம்பரம் போட்டு மூட முடியாது. இடைப்பட்டால் இன்னும் நாலு வாரம். தமிழ்ப் பக்கத்தையும் கேரளப் பக்கத்தையும் தனித்தனியே எண்ணுங்கள், கூட்டினால் ஒன்றின் தோல்வி மற்றதில் மறையும்.

குற்றாலம் சீசன், சபரிமலை சீசன் இரண்டும் இந்தக் கணக்கைக் குழப்பும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்காசி, குற்றாலம் பேருந்து நிலையக் கடைகளில் எந்தப் பாக்கெட்டும் போகும். வாங்கியவர் மதுரைக்கோ கோவைக்கோ போய்விடுவார், திரும்ப வரமாட்டார். அந்தக் கடைகளைச் சோதனையில் சேர்க்காதீர்கள். அருவியில் சோப்பு, ஷாம்பு போடத் தடை இருப்பதால் அருவிக்கரையில் பேனர் வைத்து விற்பதும் வேண்டாம். சபரிமலை, பம்பை, எருமேலியில் பாக்கெட் ஷாம்பு விற்கக் கேரள உயர்நீதிமன்றம் தடை போட்டிருக்கிறது. ஐயப்ப பக்தர் கூட்டத்தை நம்பிச் சரக்கு ஏற்றுகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு ஏற்றட்டும்.

7. சாம்பிளும் விளம்பரமும்

சாம்பிள் கொடுத்தால் ஒருவருக்கு இரண்டு பாக்கெட் கொடுங்கள். எண்ணெய்த் தலையில் முதல் குளியல் பழைய பிசுக்கை எடுப்பதோடு முடிந்துவிடும், முடி எப்படி இருக்கிறது என்பது இரண்டாவதில்தான் தெரியும். கொடுக்கும் இடம் மகளிர் குழுக் கூட்டம், அந்தப் பக்கம் குடும்பஸ்ரீ அயல்கூட்டம். சந்தையில் போவோர் வருவோருக்கு நீட்டினால் எண்ணிக்கை கூடும், பலன் தெரியாது. கொடுத்த இடத்திலிருந்து நடக்கும் தூரத்தில் உங்கள் சரம் தொங்கும் கடை இருக்க வேண்டும். அதையே மறந்து கொடுப்பவர்கள் உண்டு.

வரிக் கணக்கில் ஒரு நுணுக்கம். தனியாக இலவசமாகக் கொடுத்த சாம்பிளுக்கு உள்ளீட்டு வரி வரவு கிடையாது. அதே பில்லில் ‘12க்கு 1’ என்று போனால் பிரச்சினை இல்லை. சாம்பிள் பாக்கெட்டுக்குத் தனிக் கணக்கு வையுங்கள்.

உள்ளூர் கேபிள், ஆட்டோ மைக், பேருந்துப் பின்பக்கம், இன்ஸ்டா ரீல் எல்லாம் சரம் தொங்கும் கடை 200ஐத் தாண்டிய பிறகு. விளம்பரம் பார்த்து வந்தவருக்குக் கடையில் சரக்கு இல்லையென்றால் கடைக்காரர் பக்கத்துச் சரத்தைக் கழற்றிக் கொடுப்பார். நீங்கள் காசு கொடுத்துப் போட்டிக்காரருக்கு ஆள் அனுப்பியது போலாகும்.

8. ஏஜென்சி வைக்கும்போது இரு பக்கமும் ஒரே விலை

ஏஜென்சிக்காரரைத் தேடும்போது குடோன் அளவைக் கேட்பதைவிட, அவர் வண்டி எந்தக் கிழமை எந்தத் தெருவுக்குப் போகிறது என்று கேளுங்கள். ஒருநாள் கூடவே வண்டியில் போய் வாருங்கள். ஏற்கெனவே வேறு ஷாம்பு ஏஜென்சி வைத்திருப்பவர் உங்களுடையதை அமுக்கி வைக்கவே எடுக்கலாம். பிஸ்கட், ஊறுகாய் போடுகிறவர் பரவாயில்லை.

கேரளத்தில் சரக்கு இறக்க அந்தப் பகுதிச் சுமைத் தொழிலாளர்களுக்கு நிர்ணயக் கூலி உண்டு. பார்த்து நிற்பதற்குக் கூலி கேட்கும் நோக்குகூலி 2018 முதல் அங்கே தடை. இறக்கும் கூலியை யார் தருவது என்று முன்பே பேசி, பெட்டி விலையில் சேர்த்துவிடுங்கள். மாநிலம் கடக்கும் 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு இ-வே பில் என்ற இணையவழிச் சரக்குச் சீட்டு இல்லாமல் வண்டி கிளம்பக் கூடாது. மழைக்காலத்தில் அந்தப் பக்கக் குடோனில் அட்டைப்பெட்டி ஈரம் ஏறித் தளரும், அடியில் மரப்பலகை போட்டு ஐந்து பெட்டிக்கு மேல் அடுக்க வேண்டாம் என்று சொல்லி வையுங்கள்.

எல்லை வியாபாரத்தின் பெரிய நோய் சரக்குக் கணவாய் தாண்டி வருவது. புதுச் சந்தை என்று புனலூருக்கு 12க்கு 2, தென்காசிக்கு 12க்கு 1 என்று ஸ்கீம் போடுகிறீர்கள். ஏஜென்சி விலை 24.69இல் தென்காசிக்காரருக்குச் சரம் 22.79க்கு அடங்கும், புனலூர்க்காரருக்கு 21.16க்கு அடங்கும். 60 சரம் கொண்ட பெட்டிக்கு 98 ரூபாய் வித்தியாசம். காய்கறி இறக்கிவிட்டுப் பாவூர்சத்திரத்துக்குக் காலியாகத் திரும்பும் வண்டிகள் இந்தச் சாலையில் நிறைய. உங்கள் கேரளச் சரக்கு ஒரே வாரத்தில் தென்காசி மொத்தக் கடையில் வந்து இறங்கும். தென்காசி ஏஜென்சி கோபித்துக்கொண்டு விடும், புனலூரில் விற்பனை அமோகம் என்று உங்கள் நோட்டு பொய் சொல்லும்.

ஸ்கீமை இரு பக்கமும் சமமாக வையுங்கள். புனலூருக்குக் கூடுதலாகச் செய்ய நினைப்பதைச் சாம்பிளாகவோ சேல்ஸ்மேன் சம்பளமாகவோ செய்யுங்கள், அது வண்டி ஏறித் திரும்பி வராது. பேட்ச் எண்ணில் மாநிலத்துக்கு ஒரு எழுத்துச் சேர்த்தால், மொத்தக் கடையில் ஒரு சரத்தைத் திருப்பிப் பார்த்ததும் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிடும்.

9. சோப்பு, சலவைத்தூள், பாத்திரக் கட்டி என்றால்

வரிசை இதேதான். காத்திருக்கும் காலம் மட்டும் மாறும். பாக்கெட் ஷாம்பு வாரத்தில் திரும்ப வாங்குவது, அதற்கு நாலு வாரச் சோதனை போதும். குளியல் சோப்பு ஒரு வீட்டில் இரண்டு மூன்று வாரம் நிற்கும், இரண்டாவது ஆர்டரைப் பார்க்கப் பத்து வாரமாவது வேண்டும். சலவைத்தூளுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகவே தொடர்கிறது. ஷாம்பு, சோப்பு, சலவைத்தூள் மூன்றையும் ஒரே பில்லில் போடுகிறவர்கள் ஐந்தையும் பதினெட்டையும் மாற்றிப் போட்டுவிட்டுப் பிறகு அலைகிறார்கள்.

சலவைத்தூளைக் கடையில் எங்கே அடுக்குகிறார்கள் என்று பாருங்கள். பிஸ்கட், அரிசி மாவுக்கு அருகில் வைத்தால் வாசனை ஏறி அந்தச் சரக்கு கெடும், கடைக்காரர் உங்கள் மூட்டையைத்தான் வெளியே தூக்கிப் போடுவார். கடைக்கு முதல் மூட்டை இறக்கும்போதே வைக்க வேண்டிய இடத்தை நீங்களே பார்த்து, நீங்களே அடுக்கிவிட்டு வாருங்கள்.